வரிசை கலையாத ஊர்

இந்தப் பை என் மடியிலேயே இருக்கட்டும் சார், மேல வைக்க வேண்டாம். கனமில்லை. மேல வச்சா இந்த டிரைவர் பிரேக் போடுற லட்சணத்துக்கு எங்கயாவது போய் விழும். உள்ளே இருக்கிறது என்னோட முப்பத்திநாலு வருஷ சர்வீஸ். நீங்க கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பிங்கா? நானும் அங்கதான். பதினொன்றரைக்கு விசாரணை. எனக்குத்தான். முகம் மாறுது பாருங்க. பயப்படாதீங்க, லஞ்சக் கேஸ் இல்ல. லஞ்சக் கேஸா இருந்தாக்கூட நாலு பேர்கிட்ட சொன்னா புரிஞ்சுக்குவாங்க. என் கேஸைச் சொன்னா சிரிக்கிறாங்க.

பேரு தணிகாசலம். ஓய்வு பெற்ற தாசில்தார்னு சொல்லிக்க ஆசைதான். ரிட்டயர் ஆக விட்டாத்தானே. ஏப்ரல் முப்பதாம் தேதி சாயங்காலம் அஞ்சு மணிக்கு எனக்குப் பிரிவு உபசார விழா. ரோஜா மாலை, மிக்சர், காபி, என் மூஞ்சியைப் பெரிசாப் போட்டு ஒரு பிளெக்ஸ். நாலே முக்காலுக்கு எங்க ஆபீஸ் டபேதார் ஒரு கவரைக் கொண்டுவந்து கையில கொடுத்துட்டு, மூஞ்சியைப் பார்க்காம போயிட்டான். பிரிச்சா, 'ஓய்வு பெற அனுமதிக்கப்படவில்லை'. சஸ்பென்ஷன். கூடவே பதினேழு பி, அதாவது பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு மெமோ. அதுக்குள்ள பாதிப் பேர் மிக்சரைத் தின்னுட்டாங்க. மாலையை எனக்குப் போடலாமா வேண்டாமான்னு அரை மணி நேரம் யோசிச்சுட்டு, கடைசியில ஆபீஸ் பிள்ளையாருக்குப் போட்டாங்க.

இன்னைக்கு நல்லபடியா முடிஞ்சா நான் ஓய்வு பெற்ற தாசில்தார். முடியலைன்னா டிஸ்மிஸ் ஆன தாசில்தார். ரெண்டுல ஒண்ணு. சம்பந்தி வீட்ல இன்னும் விஷயத்தைச் சொல்லலை. ரிட்டயர் ஆயிட்டீங்களே, பேரனைப் பார்க்க வரக்கூடாதான்னு அவங்க போன் பண்றப்பல்லாம் முட்டி வலிங்கிறேன்.

என் சீட் என்னன்னு கேட்டீங்கன்னா, பேரிடர் மேலாண்மை தனித் தாசில்தார். கொக்கடித்திட்டு தெரியுமா? தெரியாது. யாருக்கும் தெரியாது. கடலோரத்துல முந்நூத்திச் சொச்சம் வீடு, ஆறு தெரு, ஒரு மாதா கோவில், பூராவும் மீன்பிடி ஜனங்க. அங்கேருந்து மூணு கிலோமீட்டர்ல அணுமின் நிலையம். பிளாண்ட்னுதான் சொல்லுவாங்க. பிளாண்டுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா சங்கு ஊதும். ஊதினா ஜனங்க என்ன செய்யணும், எங்க போகணும், யாரு பஸ் அனுப்பணும், யாரு கதிர்வீச்சுக்கான அயோடின் மாத்திரை கொடுக்கணும், எல்லாத்துக்கும் ஒரு திட்டம் உண்டு. அந்தத் திட்டத்துக்கு நான் பொறுப்பு. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒத்திகை நடத்திக் காட்டணும்.

யாருக்குக் காட்டணும்? அதுக்கு மேல ஒரு வாரியம் இருக்கு சார். பாதுகாப்பு வாரியம். பிளாண்டுக்குள்ள நடக்கிறதையும் அவங்கதான் கண்காணிக்கணும், வேலிக்கு வெளியே நாங்க செய்யறதையும் அவங்கதான் கண்காணிக்கணும். ஒத்திகை அன்னைக்குப் பார்வையாளர்னு மூணு பேரை அனுப்புவாங்க. கையில அட்டை, அட்டையில அறுபத்திநாலு கேள்வி உள்ள ஃபாரம். பெரியவர் பேரு மஜூம்தார். வெள்ளை முடி, வெள்ளைச் சட்டை, சிரிக்கவே மாட்டார். நல்ல மனுஷன்.

முதல் ஒத்திகையை நான் புத்தகத்துல இருக்கிறபடியே நடத்தினேன். அதுதான் சார் நான் செஞ்ச பெரிய தப்பு. புத்தகத்துல என்ன போட்டிருக்கு? சங்கு ஊதினா உடனே வீட்டுக்குள்ள போயிடணும். கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்தணும். இடுக்குல ஈரத்துணி வைக்கணும். அதிகாரிங்க வந்து சொல்ற வரைக்கும் வெளியே தலை காட்டக்கூடாது. பஸ் வந்தப்புறம்தான் வெளியே வரணும். காத்துல இருக்கிறது மேல படக்கூடாது, அதுக்குத்தான்.

பத்து மணிக்குச் சங்கு. ஜனங்க அத்தனை பேரும் உள்ள போயிக் கதவைச் சாத்திட்டாங்க. சொன்ன சொல் தட்டலை. மஜூம்தார் காரை விட்டு இறங்குறார். தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. ஒரு நாய் மட்டும் வந்து அவர் ஷூவை மோந்து பார்த்துச்சு. ஜனங்க எங்கேன்னார். உள்ள இருக்காங்கன்னேன். உள்ள என்ன செய்யறாங்கன்னார். உட்கார்ந்திருக்காங்கன்னேன். அது எனக்கு எப்படித் தெரியும்னார். ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். திறக்கக்கூடாதுன்னு நான் சொல்லியிருக்கேன், அவங்க திறக்கலை. இன்னொரு வீட்டைத் தட்டினார், திறந்துட்டாங்க. திறந்ததுக்கு ஒரு மார்க் குறைச்சல். அப்புறம் பஸ் வர்றதுக்கு அம்பத்திரெண்டு நிமிஷம் ஆச்சு. டெப்போவுல டிரைவர் சாப்பிடப் போயிருந்தார். பத்து மணிக்கு என்ன சாப்பாடோ.

பத்து நாள் கழிச்சு அறிக்கை வருது. 'பொதுமக்களின் பங்கேற்பைச் சரிபார்க்க இயலவில்லை. பாதுகாப்பாக உள்ளிருந்தோர் எண்ணிக்கை: பூஜ்யம்.' அவர் கண்ணுல யாரும் படலையே, பூஜ்யம்னு போடாம என்ன போடுவார்? கலெக்டர் கூப்பிட்டு, தணிகாசலம், ஒரு ஊரையே காணாமப் பண்ணிட்டீங்களேன்னு கேட்டார். நான் நாலு நாள் சரியாச் சாப்பிடலை சார். என் சர்வீஸ்ல நான் அதுவரைக்கும் ஒரு மெமோ வாங்கினதில்ல.

அப்பத்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்குச்சு. கண்ணுக்குத் தெரியறதைத்தான் கண்காணிக்க முடியும். கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கிறவனை எவனும் எண்ண முடியாது. வெளியே நிக்கிறவனை எண்ணலாம், போட்டோ எடுக்கலாம், நேரம் குறிக்கலாம். வாரியம் கேக்கிறது என்ன? எண்ணிக்கையும் நேரமும். நாம கொடுக்க வேண்டியது என்ன? அதேதான்.

அடுத்த ஒத்திகைக்கு மூணு மாசம் முன்னாடியே வேலையை ஆரம்பிச்சேன். ஆறு தெருவையும் கட்டி மேய்க்க முடியாது. மெயின் ரோட்டை ஒட்டி மேலத்தெரு இருக்கு, நாப்பது குடும்பம். கார் நிக்க வசதி. அந்த நாப்பது குடும்பத்தை மட்டும் எடுத்துக்கிட்டேன். ஆளுக்கு ஒரு அட்டை, அட்டையில நம்பர். ரோட்டோரத்துல விளையாட்டுக் கிரவுண்டுக்குப் போடற மாதிரி சுண்ணாம்புக் கோடு. கோட்டுல கால் படணும், அட்டை நெஞ்சுக்கு நேரா இருக்கணும், நம்பர் தெரியணும். ஊர்க் கிராம உதவியாளர் கொம்பையாவை விட்டு ஞாயித்துக்கிழமைதோறும் பூசை முடிஞ்சதும் பழக்கினேன். ஜனங்க முதல்ல முணுமுணுத்தாங்க. வரிசையில நிக்கிறவங்க பேருதான் நாளைக்கு வீட்டு மனைப் பட்டா லிஸ்டுல முதல்ல வரும்னு கொம்பையா ஒரு பேச்சுக்குச் சொல்லி வச்சான். நான் சொல்லச் சொல்லலை. வேண்டாம்னும் சொல்லலை.

ஒத்திகை அன்னைக்கு ஒன்பதே முக்காலுக்கே எல்லாரும் கோட்டுல நின்னாச்சு. மூணு பஸ்ஸை முந்தின நாளே வரவழைச்சு மாதா கோவிலுக்குப் பின்னாடி நிறுத்தியாச்சு. பத்து மணிக்குச் சங்கு ஊதுது. மாத்திரை கொடுத்தோம். நிஜ மாத்திரை இல்ல, அது பெட்டியில சீல் வச்சிருக்கு, அதைத் திறக்க மூணு கையெழுத்து வேணும், அதுல ஒரு கையெழுத்து போட வேண்டிய டாக்டர் போஸ்ட் காலியா இருக்கு. பெப்பர்மிண்ட் கொடுத்தோம். எல்லாரும் வாயில போட்டுக்கிட்டு வரிசையா பஸ்ல ஏறினாங்க. பதினோரு நிமிஷம் சார். அம்பத்திரெண்டு எங்கே, பதினொண்ணு எங்கே. மஜூம்தார் அன்னைக்குத்தான் சிரிச்சார். ஃபாரத்துல அறுபத்திநாலுக்கு அறுபத்திரெண்டு. 'பிற மாவட்டங்களுக்கு முன்மாதிரி'ன்னு எழுதினார். பாருங்க, சர்டிபிகேட் இதோ இருக்கு. லேமினேஷன் போட்டு வச்சிருக்கேன்.

அதுக்கு அடுத்த தடவை ஒன்பது நிமிஷம். அதுக்குள்ள மத்த அஞ்சு தெரு ஜனமும் வந்து வேடிக்கை பார்க்க ஆரம்பிச்சிடுச்சு. தேர் பார்க்கிற மாதிரி பிள்ளைங்களைத் தோள்ல தூக்கிக்கிட்டு நிக்குது. ஐஸ் வண்டிக்காரன் வந்துட்டான். சங்குச் சத்தம் கேட்டா மேலத்தெரு வரிசைக்கு, மீதித் தெரு வேடிக்கைக்கு. ஊர் பூரா அப்படிப் பழகிப் போச்சு.

அந்தத் தடவைதான் மரிய புஷ்பம் குறுக்கே வந்துச்சு. அஞ்சாவது தெரு. கருவாட்டு வியாபாரம். புருஷன் கடல்ல போயிட்டான். ஒரே பொண்ணு ஜெனிட்டா, அதை மேலத்தெருவுலதான் கட்டிக் கொடுத்திருக்கு. இந்தம்மா கூட்டத்தை விலக்கிக்கிட்டு நேரா மஜூம்தார் முன்னாடி வந்து நின்னு, "சார், எங்க தெருவுக்குப் பஸ் எது?"ன்னு கேட்டுச்சு. அவருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்றாங்கன்னு என்னைப் பார்த்தார். ரொம்ப நன்றி சொல்றாங்க சார்னேன். அவர் கைகூப்பினார். அந்தம்மா ஒண்ணும் புரியாம பதிலுக்குக் கைகூப்பிட்டுப் போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா நடுவுல ஒரு கேள்வி வந்தா ஒன்பது நிமிஷம் இருபது நிமிஷமாயிடும் சார்.

விட்டுச்சா? அடுத்த திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல மனுவோட நிக்குது. சங்கு ஊதினா என்ன செய்யணும்னு சர்க்கார் புத்தகம் அடிச்சிருக்காமே, எங்களுக்குக் கொடுக்கலைன்னு மனு. அடிச்சது வாஸ்தவம். முந்நூத்தம்பது புத்தகம், கலர் அட்டை, என் பீரோவுல இருந்துச்சு. கொடுக்கக்கூடாதுன்னு இல்ல. கடல்காத்துக்கு ஒரு மாசத்துல நமத்துப் போயிடும். குழந்தைங்க கிழிச்சிடும். வாரியத்துக்காரங்க வந்து புத்தகம் இருக்கான்னு கேட்டா கட்டைப் பிரிக்காம அப்படியே காட்டணும்ல. அதுக்காக வச்சிருந்தேன். கலெக்டர் மனுவுல 'ஆவன செய்க'ன்னு எழுதிட்டார். ஆவன செஞ்சேன். ஒரு புத்தகத்தை உருவி அந்தம்மாவுக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்து வாங்கி, ஸ்டாக் ரிஜிஸ்டர்ல முந்நூத்தி நாப்பத்தொன்பதுன்னு திருத்தினேன்.

ஒரு வாரம் கழிச்சு மறுபடி வந்துச்சு. புத்தகத்தை மஞ்சப் பையில சுத்திக் கொண்டுவந்திருக்கு. "ஆறாம் பக்கத்துல வீட்டுக்குள்ள போகணும்னு போட்டிருக்கே சார். நீங்க எம்பொண்ணை ரோட்டுல நிறுத்தறீங்க. எது சரி?"

பொறுமையா விளக்கினேன். புத்தகம் விபத்துக்கும்மா, வரிசை ஒத்திகைக்குன்னேன்.

"அப்போ விபத்துக்கு எப்போ சார் பழகுறது?"

என்ன கேள்வி பாருங்க. படிக்காத ஜனத்துக்குப் புத்தகம் கொடுத்தா இதுதான். விபத்து நடக்காதும்மா, வாரியம் பார்த்துக்கிட்டிருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

இப்போ அந்த நாளுக்கு வர்றேன். போன வருஷம் அக்டோபர்ல ஒரு வியாழக்கிழமை. எனக்குத் தலைவலி, அரைநாள் லீவு போட்டுட்டுக் குவார்ட்டர்ஸ்ல இருந்தேன். குவார்ட்டர்ஸ் பிளாண்ட்லேருந்து நாலு கிலோமீட்டர். பத்தே முக்காலுக்குச் சங்கு ஊதுது. ஒத்திகை இல்லன்னு எனக்குத் தெரியும், இருந்தா நான்தானே நடத்தணும். பிளாண்டுக்குப் போன் போட்டேன். உறுதிப்படுத்திக்கிட்டுச் சொல்றோம்னு வச்சுட்டாங்க. கலெக்டர் பி.ஏ.வுக்குப் போட்டேன். ஐயா வீடியோ கான்பரன்ஸ்ல இருக்காங்கன்னார். அவசரநிலைன்னு கலெக்டர்தான் அறிவிக்கணும். பிளாண்ட் எழுத்துல கொடுத்தாத்தான் கலெக்டர் அறிவிக்க முடியும். கலெக்டர் அறிவிச்சாத்தான் நான் நடவடிக்கை எடுக்க முடியும். எழுத்துல ஒண்ணும் வரலை. சங்கு மட்டும் ஊதிக்கிட்டே இருக்கு.

கொம்பையா போன் பண்றான். "ஐயா, மேலத்தெரு ஜனம் பூரா ரோட்டுக்கு வந்துருச்சு. அட்டையோட நிக்குது."

சார், எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பொய் சொல்லலை. யாரும் கூப்பிடலை, கோடு போடலை, ஒத்திகைக்குக் கொடுக்கிற பிரியாணிப் பொட்டலமும் கிடையாது. அடுப்புல சோத்தைப் போட்டது போட்டபடி வந்து, ஒண்ணுலேருந்து நூத்தறுபத்திரெண்டு வரைக்கும் நம்பர்படி நிக்குதுன்னா, அது என் பயிற்சி இல்லையா? கலைய விடாதே கொம்பையா, வரிசை அப்படியே இருக்கட்டும்னேன். வாரியத்துக்காரங்க திடீர்னு சோதனை வச்சிருந்தாங்கன்னு வைங்க, கலைஞ்ச வரிசையைப் பார்த்தா என்ன ஆகும்?

மத்த அஞ்சு தெருவும் வேடிக்கை பார்க்க வந்துடுச்சு. ஐஸ் வண்டியும் வந்துச்சாம். வெயில்னா அப்படி ஒரு வெயில். பிள்ளைங்க பெப்பர்மிண்ட் எங்கேன்னு கொம்பையாவைப் பிச்சு எடுத்துடுச்சுங்க. பஸ் எப்போ வரும்னு கேட்டுக்கிட்டே நின்னாங்க. பஸ்ஸுக்கு ஏழு நாள் முன்னாடி கடிதம் கொடுக்கணும் சார், நினைச்சவுடனே வர்றதுக்கு அது என்ன ஆட்டோவா? மூணு மணி நேரம். ஒரு ஆள் வரிசையை விட்டுப் போகலை. ரெண்டு கிழவிங்க மயக்கம் போட்டு விழுந்தாங்க, அவங்களையும் வரிசைக்குப் பக்கத்துலயே படுக்க வச்சாங்க. ஒண்ணே முக்காலுக்குச் சங்கு நின்னுச்சு. ஊரும் கலைஞ்சுது.

என்ன ஆச்சுன்னா கேக்கிறீங்க? தெரியாது சார். சங்குல கோளாறுன்னு பிளாண்ட்ல பேப்பர்காரங்ககிட்ட சொன்னாங்க. இருக்கலாம். எங்க ஆபீசுக்கு எழுத்துல இதுவரைக்கும் ஒண்ணும் வரலை.

அந்தப் பேப்பர்ல போட்டோ போட்டான் பாருங்க, அங்கதான் எனக்குச் சனி பிடிச்சுது. வரிசை நீளத்துக்கு எடுத்திருக்கான். முன்னாடி நிக்கிறது அந்தப் பொண்ணு ஜெனிட்டா, புஷ்பத்தோட மக. நம்பர் பதினேழு. ஏழு மாசம். அட்டையை வயித்து மேல வச்சு ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சிருக்கு. நம்பர் தலைகீழா தெரியுது. அட்டை நெஞ்சுக்கு நேரா இருக்கணும்னு நான் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். அன்னைக்கு வரிசையில குறைன்னு சொன்னா அது ஒண்ணுதான்.

போட்டோவைப் பார்த்துட்டு வாரியம் அரசாங்கத்தைக் கேட்டுச்சு, சங்கு ஊதும்போது மக்கள் ஏன் வெளியே நின்னாங்கன்னு. கேட்டு எழுதினது யாருங்கிறீங்க? மஜூம்தார். அதே கையெழுத்து. என் சர்டிபிகேட்ல இருக்கிற அதே கையெழுத்து, சுழி கூட மாறலை. அரசாங்கம் கலெக்டரைக் கேட்டுச்சு, கலெக்டர் ஆர்.டி.ஓ.வைக் கேட்டார், ஆர்.டி.ஓ. என்னைக் கேட்டார். எனக்குக் கீழே கொம்பையாதான். அவனை நான் என்னத்தைக் கேக்கிறது? அத்தனை கேள்வியும் என்கிட்ட வந்து நின்னு போச்சு.

மெமோவுல ரெண்டு குற்றச்சாட்டு. ஒண்ணு, வழிகாட்டுப் புத்தகத்தைப் பொதுமக்களுக்கு வழங்கவில்லை. ரெண்டு, சங்கு ஊதினால் கடைப்பிடிக்க வேண்டிய நடைமுறையைத் தனி அலுவலரான இவரே அறிந்திருக்கவில்லை. அறிந்திருக்கவில்லையாம் சார். பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியாரைப் பார்த்து எழுதத் தெரியாதுன்னு சொன்னா எப்படி இருக்கும்? முதல் குற்றச்சாட்டு கூட எனக்கு உறைக்கலை. ரெண்டாவதுதான் நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்குது. அந்தப் புத்தகத்தை நான் வரிவரியாத் தலைகீழாச் சொல்லுவேன்.

ரெண்டு மாசமா யோசிச்சேன், எனக்காக யாரு சாட்சி சொல்லுவான்னு. கொம்பையா, ஐயா சொன்னாங்க நான் செஞ்சேன்னு வாக்குமூலம் கொடுத்துட்டான். கலெக்டர் மாறிப் போயிட்டார். திடீர்னு ஒருநாள் ஸ்டாக் ரிஜிஸ்டர் ஞாபகம் வந்துச்சு. புத்தகம் வழங்கலைன்னு எப்படிச் சொல்லலாம்? ஒண்ணு வழங்கியிருக்கேனே. கையெழுத்து இருக்கே. எந்தப் பொம்பளை எனக்குத் தலைவலின்னு நினைச்சேனோ, அதுதான் சார் எனக்குச் சாட்சி. தெய்வம் எப்படி வழி விடுது பாருங்க.

போன வாரம் அந்தம்மா வீட்டுக்குப் போனேன். பழம், ஹார்லிக்ஸ் வாங்கிக்கிட்டுத்தான். பொண்ணு அங்கதான் இருக்கு, பிரசவத்துக்கு வந்தது. பிள்ளை தூளியில தூங்குது. பெண் குழந்தை. நல்லாத்தான் இருக்கு, கொழுகொழுன்னு. ஆனா இந்தம்மா பேசிக்கிட்டே நிமிஷத்துக்கொரு தரம் தூளிக்குள்ள கையை விட்டு அது கழுத்தைத் தடவிப் பார்க்குது. கதிர்வீச்சு பட்டா கழுத்துல கட்டி வரும்னு யாரோ சொல்லியிருக்காங்க போல.

"அன்னைக்குக் காத்துல ஏதாவது இருந்துச்சா சார்?" அதைத்தான் முதல்ல கேட்டுச்சு. வாங்கன்னு கூடச் சொல்லலை.

"அதுக்குக் கடிதம் வரலையேம்மா."

"யாருகிட்ட கேக்கணும்?"

"வாரியத்துக்கு எழுதிப் போடு."

"போட்டேன் சார். பதில் சொல்லச் சொல்லி உங்க ஆபீசுக்கு அனுப்பியிருக்கோம்னு தபால் வந்திருக்கு. உங்க சீட்டுக்கு."

என் சீட்டுல இப்போ ஆளில்ல. நான்தானே சஸ்பென்ஷன்ல இருக்கேன். நானும் பேரன் எடுத்தவன் சார். இந்தக் கேஸ் முடிஞ்சு நான் நல்லபடியா வெளியே வந்தா ஒரு மனு எழுதித் தர்றேன்னு வாக்குக் கொடுத்தேன்.

அப்புறம் மெதுவா விஷயத்தை எடுத்தேன். புத்தகம் வாங்கினதைச் சொல்லணும்மான்னேன். சொல்றேன்னுச்சு. மறுபேச்சே இல்ல. படிச்சதையும் சொல்லணும்னேன். சொல்றேன்னுச்சு. அன்னைக்கு ஊர்லயே புத்தகப்படி நடந்தது இந்தம்மா ஒண்ணுதான் சார். சங்கு ஊதினதும் கதவு ஜன்னலைச் சாத்தி, இடுக்குல ஈரச்சாக்கை வச்சு, உள்ளயே இருந்திருக்கு. நான் கொடுத்த புத்தகம். நூத்துக்கு நூறு பலன்.

அதோ டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, நீலச் சேலை, மடியில மஞ்சப் பை. அதுதான். கார் வச்சுக் கூட்டிப் போறேன்னேன், வேண்டாம் சார் நான் பஸ்லயே வந்துக்கிறேன்னுடுச்சு. பக்கத்துல இடம் போட்டு வச்சேன், அங்க போய் உட்கார்ந்துக்கிச்சு. கௌரவமான பொம்பளை. சாட்சிகிட்ட பேசிக்கிட்டு வந்தான்னு நாளைக்கு யாரும் சொல்லிடக்கூடாதுன்னு பார்க்குது போல.

அப்போ ரெண்டாவது குற்றச்சாட்டுக்கு என்ன வழின்னு கேக்கிறீங்க. அதுக்கும் அந்தம்மாதான். இதைத்தான் கடைசியாச் சொல்ல வந்தேன். அந்தப் புத்தகத்தோட பின் அட்டையில அவசரத் தொடர்புக்குன்னு என் செல் நம்பர் போட்டிருக்கும். புத்தகம் வெளியே போனது ஒண்ணுதானே, ஊர்ல கொம்பையாவைத் தவிர என் நம்பர் தெரிஞ்சது இந்தம்மாவுக்கு மட்டும்தான். அன்னைக்குப் பதினொன்னேகாலுக்கு எனக்குப் போன் வருது. "சார், எம்பொண்ணு ரோட்டுல நிக்குது. போன்ல உள்ள வாடின்னா வரமாட்டேங்குது. தாசில்தார் சொன்னாத்தான் வருவேங்குது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார், எல்லாரும் உள்ள போயிடுவாங்க"ன்னு அழுவுது.

நான் என்ன சொன்னேன்? நான் நடைமுறை தெரிஞ்சவன் சார். சங்கு ஊதின அஞ்சாவது நிமிஷமே எங்க வீட்ல ஜன்னல் பூராவும் சாத்தியாச்சு. என் சம்சாரம் இடுக்குல ஈரத்துண்டு வச்சாச்சு, மின்விசிறியைக் கூட நிறுத்தியாச்சு. அதைத்தான் சொன்னேன். "அம்மா, நானே கதவு ஜன்னலைச் சாத்திக்கிட்டு உள்ளதான் இருக்கேன். புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு, இப்போ வெளியே வரக்கூடாது. நீயும் வராதே. வரிசையைப் பத்தி எழுத்துல உத்தரவு வரட்டும், பார்க்கலாம்." எவ்வளவு தெளிவாச் சொல்லியிருக்கேன் பாருங்க. நடைமுறை தெரியாதவன் இப்படிச் சொல்லுவானா?

இதை நானாச் சொன்னா விசாரணை அதிகாரி நம்பமாட்டார். அந்தம்மா சொல்லணும். கிளம்பும்போது வாசல்ல நின்னு கேட்டேன், அந்தப் போன் விஷயத்தைச் சொல்லுவியாம்மான்னு. தூளியை ஒரு தரம் ஆட்டி விட்டுச்சு. அப்புறம், "அதைச் சொல்லத்தான் சார் வர்றேன். நீங்க சொன்னதை ஒரு வார்த்தை கூட்டமாட்டேன், ஒரு வார்த்தை குறைக்கமாட்டேன்"னுச்சு.

கைகூப்பிட்டு வந்தேன் சார். இந்தக் காலத்துல நமக்காக யாரு அப்படி ஞாபகம் வச்சுக்கிட்டு வந்து பேசுறா?